பிளாக்கை அனுப்பும் முன்: மென்திசுக் கட்டிகளில் மரபணு இணைவைத் தேடும் முறை

"சார்கோமா. என்ஜிஎஸ் அனுப்பவும்." முதுநிலை மாணவர்கள் என் மேசைக்குக் கொண்டுவரும் சோதனைப் படிவங்கள் பலவற்றில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். என்ஜிஎஸ் என்பது பல மரபணுக்களை ஒரே சமயத்தில் வாசிக்கும் சோதனை. நான் கையெழுத்துப் போடமாட்டேன். எந்த இணைவை எதிர்பார்க்கிறீர்கள், அது இருந்தால் நோயாளிக்கு என்ன மாறும், இல்லை என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். மூன்றுக்கும் பதில் இருந்தால் அன்றைக்கே பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டை) கிளம்பிவிடும். இல்லாவிட்டால் ஸ்லைடை எடுத்துக்கொண்டு மறுபடியும் மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டியதுதான். இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இந்தச் சோதனைக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ட்ரூகட் ஊசியில் வந்த ஒன்றரை சென்டிமீட்டர் திசு ஒருமுறை வீணானால், அதே நோயாளியை மறுபடியும் ஊசிக்குக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

மென்திசுக் கட்டிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் நோய்க்குறியியல் மருத்துவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பயாப்ஸி எடுத்து அனுப்பும் அறுவை மருத்துவர்களும், திசுவை வெட்டும் ஆய்வகத் தொழில்நுட்பர்களும் படித்தால் இன்னும் மகிழ்வேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசை, கொழுப்பு, நார்த்திசு, இரத்தக் குழாய் போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் சார்கோமாக்கள். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இவை நூற்றில் ஒன்று அளவே. வகைகளோ ஏராளம். இவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், குரோமோசோம்கள் முறிந்து தவறான இடத்தில் ஒட்டிக்கொள்வதால் ஒரு மரபணுவின் முன்பகுதி இன்னொரு மரபணுவின் பின்பகுதியோடு சேர்ந்துவிடுகிறது. அதிலிருந்து, உடலில் வேறெங்கும் இல்லாத ஒரு கலப்புப் புரதம் உருவாகிச் செல்லைப் புற்றாக்குகிறது. இதுவே மரபணு இணைவு. பல கட்டிகளில் இது அந்தக் கட்டிக்கே உரிய அடையாளம். பிரான்சில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சார்கோமா வல்லுநர்கள் ஏற்கெனவே பார்த்துப் பெயரிட்ட 384 நோயாளிகளின் கட்டிகளை மூலக்கூறு சோதனைக்கு உட்படுத்தினார்கள். 53 பேருக்கு நோயின் பெயரே மாறியது. தேர்ந்த கண்களுக்கே இந்த நிலை என்றால், இந்தச் சோதனை எவ்வளவு வேண்டியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

எல்லாம் ஃபார்மலின் பாட்டிலில் தொடங்குகிறது

சோதனை தோற்றுப்போகும் இடங்களில் முதன்மையானது அறுவை அரங்கு. குறுகிய வாயுள்ள பாட்டிலில் கட்டியை அமுக்கித் திணித்து, மேலே இரண்டு விரற்கடை ஃபார்மலின் ஊற்றி அனுப்புகிறார்கள். வெளியே வெளிறி இறுகியிருக்கும். நடுவே வெட்டினால் உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். ஃபார்மலின் திசுவுக்குள் மிக மெதுவாகத்தான் இறங்கும். அதிகம் போனால் மணிக்கு ஒரு மில்லிமீட்டர், ஆழம் கூடக்கூட அதைவிடவும் குறைவு. எட்டு சென்டிமீட்டர் கட்டியின் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேரும்போது அங்கே ஆர்என்ஏ சிதைந்துபோயிருக்கும்.

அறுவை மருத்துவர்களிடம் நான் கேட்பது இவைதான். திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். அது 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கலந்தது கூடாது. கட்டி பெரிதென்றால், ஓரங்களுக்கு மை பூசிய பின் ரொட்டித் துண்டு கனத்தில் அரிந்து ஊறப்போட வேண்டும். அதை நாங்களே செய்துகொள்கிறோம், எங்களுக்கு உடனே அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த கட்டியைத் திங்கட்கிழமை வரை அரங்கின் மூலையில் வைத்திருக்காதீர்கள். ஃபார்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது.

எலும்பு ஒட்டிய கட்டி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பை மென்மையாக்க நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ போட்டால் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் போய்விடும். கட்டியில் மென்மையான பகுதி பெரும்பாலும் கொஞ்சம் இருக்கும். அதைப் பிரித்து, அமிலமே படாமல், தனி கேசட்டில் (திசுவை வைக்கும் சிறு பெட்டி) போடுங்கள். முழுவதும் எலும்பாகவே இருந்தால் ஈடிடிஏ கரைசலைப் பயன்படுத்துங்கள். நாட்கள் கூடும், ஆனாலும் காத்திருக்கலாம்.

ட்ரூகட் பயாப்ஸியில் நான்கு இழைகள் வந்தால் நான்கையும் ஒரே கேசட்டில் போடுவது பழக்கமாகிவிட்டது. இரண்டு கேசட்டாகப் பிரியுங்கள். ஒன்றை, குறிப்பிட்ட புரதங்களை ஆன்டிபாடியால் நிறமேற்றிக் காட்டும் இம்யூனோ சாயங்களுக்குச் செலவழிக்கலாம். மற்றது மூலக்கூறு சோதனைக்கு முழுதாக மிஞ்சும். அதேபோல், பிளாக்கை, திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோமில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சமன்படுத்தவே திசுவில் கொஞ்சம் போய்விடும். இன்றைக்கு வழக்கமான எச் அண்டு ஈ சாயம், நாளைக்கு நான்கு சாயம், அடுத்த வாரம் இன்னும் ஐந்து என்று மூன்று முறை ஏற்றினால், அந்த இழையில் கட்டியே மிஞ்சாது. சந்தேகம் சார்கோமா என்று படிவத்திலேயே இருந்தால், முதல் வெட்டிலேயே சாயமேற்றாத ஸ்லைடுகள் பத்தைக் கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவாவது வெறும் கண்ணாடிதான்.

கேள்வியை ஸ்லைடில் கண்டுபிடியுங்கள்

எச் அண்டு ஈ ஸ்லைடைக் குறைந்த உருப்பெருக்கத்தில் வையுங்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான சமயங்களில் நீங்கள் பார்ப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: நீண்ட கதிர் வடிவச் செல்கள், சிறு வட்டச் செல்கள், அல்லது வழவழப்பான மிக்சாய்டு பின்னணியில் சிதறிய செல்கள். நான்காவதாக ஒன்றும் உண்டு. செல்களும் உட்கருக்களும் கண்டபடி பெருத்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் கோரமாக இருப்பது. இந்த நான்காவதில் இணைவைத் தேடி அலையாதீர்கள். இணைவு உள்ள சார்கோமாக்களில் செல்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். கோரமான உட்கருக்கள் நிறைந்த கட்டியில் குரோமோசோம்கள் பல இடங்களில் நொறுங்கியிருக்கும். அங்கே விலை உயர்ந்த சோதனை செய்தால், பொருளற்ற நாலைந்து இணைவுகள் வந்து உங்களைக் குழப்பும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். கல்லூரி மாணவர், முழங்காலுக்குப் பின்புறம் கட்டி, மெதுவாக வளர்ந்தது, அழுத்தினால் வலி. ஸ்கேனில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு. ஸ்லைடில் ஒரே மாதிரியான கதிர் வடிவச் செல்கள் நெருக்கமாகக் கட்டுக் கட்டாக ஓடுகின்றன. உட்கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியதுபோல் இருக்கின்றன. இடையிடையே மான்கொம்பு போல் கிளைக்கும் இரத்தக் குழாய்கள், கம்பி போன்ற கொலாஜன் இழைகள், ஆங்காங்கே மாஸ்ட் செல்கள். சைனோவியல் சார்கோமா என்று மனம் சொல்லும். கூடவே, வீரிய நரம்புறைக் கட்டியாக இருக்குமோ, சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டியாக இருக்குமோ என்ற சந்தேகமும் வரும். வரட்டும். அந்தச் சந்தேகம்தான் நமக்கு வேண்டிய கேள்வி.

முதல் சுற்று இம்யூனோ: சைட்டோகெரட்டின், ஈஎம்ஏ, எஸ்100, சாக்ஸ்10, சிடி34, ஸ்டாட்6, டிஎல்ஈ1. கெரட்டின் சில செல்களில் மட்டும் புள்ளி புள்ளியாக ஏறியிருக்கிறது, சிடி34 இல்லை, டிஎல்ஈ1 உட்கருவில் பலமாக ஏறியிருக்கிறது. இங்கேயே பலர் அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். டிஎல்ஈ1 நரம்புறைக் கட்டிகளிலும் வேறு சிலவற்றிலும் ஏறும். அதை மட்டும் நம்பி ஓர் இளைஞனுக்கு ஐஃபோஸ்ஃபமைடு என்னும் கீமோ மருந்தை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

சைனோவியல் சார்கோமாவின் இணைவு எக்ஸ் குரோமோசோமுக்கும் 18-ஆம் குரோமோசோமுக்கும் இடையே நிகழ்கிறது. 18-இல் உள்ள எஸ்எஸ்18 மரபணு, எக்ஸில் உள்ள எஸ்எஸ்எக்ஸ்1 அல்லது எஸ்எஸ்எக்ஸ்2-உடன் சேர்கிறது. எஸ்எஸ்எக்ஸ்4 மிக அரிது. இந்த இணைவின் நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எஸ்எஸ்18 புரதம் இழப்பது தன் வால் முனையில் எட்டே அமினோ அமிலங்கள். அந்த இடத்தில் எஸ்எஸ்எக்ஸின் 78 அமினோ அமிலங்கள் வந்து ஒட்டுகின்றன. அவ்வளவுதான். எந்த மரபணுக்கள் விழித்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பாஃப் என்னும் புரதக் கூட்டணிக்குள் இந்தக் கலப்புப் புரதம் புகுந்து, அங்கே இருக்கும் ஐஎன்ஐ1 புரதத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் சைனோவியல் சார்கோமாவில் ஐஎன்ஐ1 சாயம் முழுதாக மறையாமல் மங்கித் தெரிகிறது. ஸ்லைடில் நாம் காணும் அந்த மங்கல் நிறத்துக்கும் குரோமோசோம் முறிவுக்கும் இப்படி நேரடித் தொடர்பு இருக்கிறது.

இணைவுக்குப் பதிலாக நிற்கும் சாயங்கள்

ஒட்டும் இடத்தையே அடையாளம் காணும் எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ் ஆன்டிபாடி 2020 முதல் கிடைக்கிறது. சைனோவியல் சார்கோமாவில் உட்கரு முழுவதும் பழுப்பாக ஏறும். வேறு கட்டிகளில் ஏறுவது மிக மிக அரிது. நம் மாணவருக்கு இது பலமாக ஏறியது என்றால், தோற்றமும் இடமும் வயதும் ஒத்துவந்தால், மரபணு முறிவை ஒளிரும் குறிகளால் காட்டும் ஃபிஷ்ஷும் வேண்டாம், என்ஜிஎஸ்ஸும் வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. ஏறாவிட்டால்தான் அடுத்த படி. ஏனென்றால் சுமார் இருபதில் ஒரு சைனோவியல் சார்கோமா இதற்குப் பிடிகொடுக்காது.

இதைவிட அழகான எடுத்துக்காட்டு சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி. இதன் நாப்2-ஸ்டாட்6 இணைவு 2013-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு மரபணுக்களும் 12-ஆம் குரோமோசோமில் ஒட்டினாற்போல் அடுத்தடுத்து இருப்பவை. சிறு துண்டு ஒன்று திரும்பிக்கொள்வதால் இணைகின்றன. இவ்வளவு அருகில் நடப்பதை ஃபிஷ் பார்க்கவே முடியாது. ஆனால் ஸ்டாட்6 சாயம் போட்டால், வழக்கமாக சைட்டோபிளாசத்தில் இருக்கும் புரதம் உட்கருவுக்குள் இழுக்கப்பட்டுப் பளிச்சென்று தெரியும். மாவட்டத் தலைநகரில் உள்ள ஆய்வகமும் செய்யக்கூடிய சோதனை. இதற்குப் போய் பிளாக்கை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருக்கலாமா?

இதே வகையில், தாழ்நிலை ஃபைப்ரோமிக்சாய்டு சார்கோமாவுக்கு மியூக்4, எபிதீலியாய்டு ஹீமேஞ்சியோஎண்டோதீலியோமாவுக்கு காம்டா1, ஆல்வியோலர் மென்பகுதி சார்கோமாவுக்கு டிஎஃப்ஈ3, மிக்சாய்டு லைப்போசார்கோமாவுக்கு டிடிஐடி3. உங்கள் ஆய்வகத்தில் எவை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதிய ஆன்டிபாடி வாங்க வாய்ப்பு வந்தால், நான் முதலில் வாங்கச் சொல்வது ஸ்டாட்6-உம் மியூக்4-உம்.

ஃபிஷ்: எந்தப் பக்கத்தைப் பிடிப்பது

ஃபிஷ் சோதனையில், ஒரு மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்பும் மறுபக்கத்தில் பச்சையும் ஒளிரும் குறிகளை ஒட்டுகிறோம். இருட்டறையில் நீல உட்கருக்களுக்குள் அவற்றைத் தேட வேண்டும். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். முறிந்திருந்தால் சிவப்பும் பச்சையும் விலகி நிற்கும். ஒரு புள்ளியின் அகலத்தைப் போல் இரு மடங்காவது இடைவெளி இருந்தால்தான் விலகல் என்று கணக்கு. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத உட்கருக்களாகப் பார்த்து ஐம்பது முதல் நூறு வரை எண்ண வேண்டும். திசுவை நான்கு மைக்ரான் கனத்தில் வெட்டும்போது உட்கருவின் ஒரு பகுதி போய்விடுவதால், ஒரு புள்ளி காணாமல் போவது சகஜம். அதை முறிவு என்று எண்ணாதீர்கள். எண்ணும் இடம் கட்டிதானா என்பதை எச் அண்டு ஈ ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்டு, நீங்களே குறித்துக் கொடுங்கள். அந்த வட்டமில்லாமல் அனுப்பினால் எண்ணுபவர் அழற்சிச் செல்களை எண்ணிவிட்டு 'முறிவு இல்லை' என்று எழுத வாய்ப்புண்டு.

எந்த மரபணுவுக்கு ஃபிஷ் கேட்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. எல்லோரும் இடபிள்யூஎஸ்ஆர்1 கேட்கிறார்கள். அந்த மரபணு ஊரெல்லாம் சம்பந்தம் வைத்திருக்கும் குடும்பம். யூவிங் சார்கோமாவில் எஃப்எல்ஐ1 அல்லது ஈஆர்ஜி, டெஸ்மோபிளாஸ்டிக் சிறுவட்டச் செல் கட்டியில் டபிள்யூடி1, தெளிசெல் சார்கோமாவில் ஏடிஎஃப்1, எலும்புக்கு வெளியே வரும் மிக்சாய்டு காண்ட்ரோசார்கோமாவில் என்ஆர்4ஏ3, சில மிக்சாய்டு லைப்போசார்கோமாக்களில் டிடிஐடி3 என்று இடத்துக்கு இடம் மாப்பிள்ளை வீடு மாறும். இடபிள்யூஎஸ்ஆர்1 முறிந்திருக்கிறது என்று மட்டும் அறிக்கை வந்தால், இத்தனை நோய்களும் அப்படியே வாசலில் நிற்கின்றன.

அதனால் கேள்வி தெளிவாக இருந்தால், மற்றப் பக்கத்தைப் பிடியுங்கள். தொடையில் மிக்சாய்டு கட்டி, கோழிக்கால் வடிவ இரத்தக் குழாய்கள், மிக்சாய்டு லைப்போசார்கோமா என்று சந்தேகம். டிடிஐடி3-உடன் சேரக்கூடிய ஃபஸ் மரபணுவைக் கேட்கலாமா, இடபிள்யூஎஸ்ஆர்1 கேட்கலாமா என்று தவிக்க வேண்டாம். டிடிஐடி3 கேளுங்கள். யாரோடு சேர்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் முறிந்தே தீரும். ஆல்வியோலர் ராப்டோமயோசார்கோமாவில் பாக்ஸ்3-உம் வரலாம், பாக்ஸ்7-உம் வரலாம். இரண்டுக்கும் பொதுவான கூட்டாளியான ஃபாக்ஸ்ஓ1-ஐக் கேட்டால் இரண்டுமே சிக்கும். அதே மிக்சாய்டு தோற்றம் வயிற்றின் பின்புறத்தில் இருந்தால் என் கேள்வியே வேறு. அங்கே மிக்சாய்டு லைப்போசார்கோமா முதலில் தோன்றுவது மிக அரிது. எம்டிஎம்2 மரபணுவின் பிரதிகள் பெருகிய லைப்போசார்கோமா மிக்சாய்டு வேடம் போட்டிருக்கலாம். அல்லது தொடையில் இருந்து பரவியிருக்கலாம். நோயாளியின் தொடையைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று அறுவை மருத்துவருக்கு ஒரு போன் போடுவேன்.

ஃபிஷ்ஷில் 'இல்லை' என்று வந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். யூவிங் சார்கோமாவில் ஏறத்தாழ 85 சதவீதம் எஃப்எல்ஐ1-உடனும் 10 சதவீதம் ஈஆர்ஜியுடனும் சேர்ந்தவை. ஈஆர்ஜி மரபணு இடபிள்யூஎஸ்ஆர்1-க்கு எதிர்த்திசையில் எழுதப்பட்டிருப்பதால், அவை இணையப் பல முறிவுகள் வேண்டும். புள்ளிகள் வழக்கமான முறையில் பிரியாமல் ஏமாற்றலாம். பாட்ஸ்1-உடன் சேரும்போது இரண்டும் 22-ஆம் குரோமோசோமில் அருகருகே இருப்பதால் ஃபிஷ்ஷில் தப்பிவிடலாம்.

என்ஜிஎஸ்ஸைக் கேட்க வேண்டிய இடம்

சிறு வட்டச் செல் கட்டிகளில் நான் தயங்காமல் ஆர்என்ஏ என்ஜிஎஸ் கேட்பேன். ஒரே சமயத்தில் பல இணைவுகளைத் தேட வேண்டியிருப்பதும், பதிலைப் பொறுத்துச் சிகிச்சையே மாறுவதும்தான் காரணம். முன்பு 'யூவிங் போன்றவை' என்று ஒரே கூடையில் போடப்பட்ட சிஐசி சார்கோமா, பிகோர் சார்கோமா இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு தனி நோய்களாகப் பிரித்துவிட்டது. சிஐசி சார்கோமா யூவிங்குக்கான மருந்துகளுக்கு அவ்வளவாக மசியாது, வேகமாகப் பரவும். சிடி99 செல்சவ்வு முழுதும் ஏறாமல் திட்டுத் திட்டாக இருந்தால், டபிள்யூடி1 உட்கருவில் ஏறினால், அங்கேயே எனக்கு சிஐசி நினைவு வந்துவிடும். இந்த ஒரு கட்டியில் என்ஜிஎஸ்ஸையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சிஐசியின் கூட்டாளியான டக்ஸ்4 திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்குள் இருப்பதால், கணினி நிரல்கள் அதைக் கோட்டைவிடுவதுண்டு. என்ஜிஎஸ் வெறுங்கையோடு திரும்பினாலும், டபிள்யூடி1-உம் ஈடிவி4-உம் பலமாக ஏறியிருந்தால் நான் சிஐசியைக் கைவிடமாட்டேன்.

என்ஜிஎஸ் கேட்க வேண்டிய இன்னோர் இடம், மருந்து கையில் இருக்கும் கட்டிகள். கைக்குழந்தையின் கையிலோ காலிலோ வேகமாக வளரும் கதிர் வடிவச் செல் கட்டி என்றால் குழந்தைப் பருவ ஃபைப்ரோசார்கோமாவை நினையுங்கள். ஈடிவி6-என்டிஆர்கே3 இணைவு இருந்தால், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் போன்ற மருந்தால் கட்டியைச் சுருக்கி, கையை வெட்டாமல் காப்பாற்ற வழியிருக்கிறது. டிஆர்கே புரதங்களைக் காட்டும் பான்-டிஆர்கே சாயத்தை முதலில் போடுங்கள். ஏறினால் என்ஜிஎஸ்ஸில் உறுதி செய்யுங்கள். அதேபோல் இன்ஃபிளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டியில் ஆல்க் மரபணுவின் இணைவு. தோலில் வரும் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா திரும்பத் திரும்ப வந்தால் அல்லது சாயங்களில் குழப்பினால், கோல்1ஏ1-பிடிஜிஎஃப்பி இணைவு. இமாட்டினிப் அங்கே வேலை செய்யும்.

படிவத்தில் எழுத வேண்டியவை: வயது, கட்டியின் இடம், ஆழம், உங்கள் முதல் இரண்டு சந்தேகங்கள், போட்ட சாயங்களும் முடிவுகளும், பிளாக் எத்தனை மாதப் பழையது, அமிலம் பட்டதா இல்லையா, கட்டிச் செல்கள் எத்தனை சதவீதம். 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டி உள்ள பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துக்கொள்வார்கள்.

அறிக்கை வந்ததும்

'இணைவு கண்டறியப்படவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் மூடி வைக்காதீர்கள். கீழே ஆர்என்ஏ தரம் எப்படி இருந்தது, கட்டுப்பாட்டு மரபணுக்கள் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று பாருங்கள். அவையே சரியாக வரவில்லை என்றால் சோதனை தோற்றிருக்கிறது என்றுதான் பொருள். நோயாளியின் கோப்பில் அது 'இல்லை' என்று பதிவாகிவிடக் கூடாது. அடுத்து, நீங்கள் எதிர்பார்த்த மரபணு அவர்களின் பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள். சிறு பட்டியல்களில் யுஎஸ்பி6-ஓ பிகோரோ இல்லாமல் இருக்கலாம்.

இணைவு வந்திருந்தால், பெயரை ஒழுங்காக வாசியுங்கள். 2021 முதல் இரண்டு மரபணுக்களுக்கும் இடையே இரட்டை முக்காற்புள்ளி போட்டு எழுதுகிறார்கள்: எஸ்எஸ்18::எஸ்எஸ்எக்ஸ்1. முதலில் வருவது முன்பகுதியைக் கொடுத்த மரபணு. இரண்டும் படிக்கும் வரிசை தவறாமல் சேர்ந்திருக்கின்றனவா, எத்தனை வாசிப்புகளில் தெரிந்தது, ஆல்க், என்டிஆர்கே போன்றவையானால் மருந்து தாக்கும் கைனேஸ் பகுதி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே வாசிப்பில், கேள்விப்படாத இரு மரபணுக்கள், அதுவும் அடுத்தடுத்து இருப்பவை என்றால் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள்.

பிறகு ஸ்லைடை மறுபடியும் எடுங்கள். ஒரே இணைவு இரண்டு வேறு நோய்களில் வரும். இடபிள்யூஎஸ்ஆர்1::ஏடிஎஃப்1 தெளிசெல் சார்கோமாவிலும் வரும், பரவுவது அரிதான ஆஞ்சியோமடாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமாவிலும் வரும். எஸ்100-உம் எச்எம்பி45-உம் ஏறினால் முன்னது. டெஸ்மின் ஏறி, சுற்றிலும் நிணச்செல்கள் வளையமாக நின்றால் பின்னது. இரண்டு நோயாளிகளின் எதிர்காலத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. என்ஜிஎஸ் அறிக்கையில் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான் இருக்கும்.

இணைவு இருந்தாலே புற்று என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓர் இளம்பெண்ணின் முன்கையில் மூன்றே வாரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்த கட்டி. ஊசி பயாப்ஸியில் கதிர் வடிவச் செல்கள், பிரியும் செல்கள் ஏராளம். 'உயர்நிலை சார்கோமா' என்று வேறோர் இடத்தில் எழுதியாகிவிட்டது. எங்களிடம் வந்த ஸ்லைடில் பின்னணி தளர்ந்து கிழிந்தாற்போல் இருந்தது. வெளியே கசிந்த சிவப்பணுக்கள், இங்குமங்கும் நிணச்செல்கள். உட்கருக்களில் கருமையோ கோரமோ இல்லை. பிரிவுகள் நிறைய இருந்தாலும் அத்தனையும் ஒழுங்கானவை. யுஎஸ்பி6 ஃபிஷ் கேட்டோம், முறிந்திருந்தது. நோடுலர் ஃபாசியைட்டிஸ். எம்ஒய்எச்9::யுஎஸ்பி6 என்னும் இந்த இணைவு 2011-இல் விவரிக்கப்பட்டது. எம்ஒய்எச்9-இன் தூண்டுபகுதி யுஎஸ்பி6-க்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அந்த மரபணுவை ஓயாமல் இயங்க வைக்கிறது. கட்டி வேகமாக வளரும், பிறகு தானே நின்றுவிடும். பல நேரங்களில் கரைந்தும் போகும். அந்தப் பெண்ணுக்குக் கதிர்வீச்சும் வேண்டியிருக்கவில்லை, மருந்தும் வேண்டியிருக்கவில்லை. இந்தச் சோதனையின் முழு மதிப்பு எனக்குத் தெரிவது இப்படிப்பட்ட நாட்களில்தான். அதைக் கேட்க வைத்தது எச் அண்டு ஈ ஸ்லைடு.

இறுதி அறிக்கையில் நோயின் பெயரை முதலில் எழுதுங்கள், இணைவை அடுத்த வரியில். எந்த முறையில் கண்டீர்கள், எந்த பிளாக்கில் என்பதையும் சேருங்கள். தோற்றமும் இணைவும் ஒத்துப்போகாவிட்டால் அதை மறைக்காமல் எழுதி, சார்கோமா அதிகம் பார்க்கும் மையத்துக்கு ஸ்லைடுகளை அனுப்புங்கள். சிகிச்சையைப் பாதிக்கும் செய்தியையும் ஒரு வரி சேர்க்கலாம். மிக்சாய்டு லைப்போசார்கோமா நுரையீரலைத் தாண்டி முதுகெலும்பு, வயிற்றின் பின்புறம் போன்ற எதிர்பாராத இடங்களுக்குப் போகும் என்பதால், முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுப்பது பற்றிக் குறிப்பிடுவது என் வழக்கம்.

மிச்சமிருக்கும் பிளாக்கின் எண்ணையும், அதில் எவ்வளவு திசு மிஞ்சியிருக்கிறது என்பதையும் நோயாளியின் கோப்பில் குறித்து வையுங்கள். வெளி ஆய்வகத்துக்குப் போன பிளாக் திரும்பி வந்துவிட்டதா என்று நீங்களே கேட்டுப் பெறுங்கள். சைனோவியல் சார்கோமா பத்து ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடிய நோய். நுரையீரலில் புதிதாக ஒரு கட்டி தெரியும் அன்று, பழைய பிளாக்கும் எஸ்எஸ்எக்ஸ்1-ஆ எஸ்எஸ்எக்ஸ்2-ஆ என்ற அந்தப் பழைய வரியும் கையில் இருந்தால், இது அதே நோய்தானா என்பதைச் சின்ன ஊசித் துணுக்கை வைத்தே சொல்லிவிடலாம்.